காத்மாண்டு நாட்குறிப்பு: மூன்று ஊசி

ஜனவரி 6, 2024

தெருப்பிள்ளைகள் நிலையம் ஒன்றில் தொண்டு செய்ய வந்து பத்து நாளாகிறது. காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது. மதுரையில் முப்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்த எனக்கு இந்தக் குளிர் புதிது.

எங்கள் நிலையத்துக்குத் தெருப்பிள்ளைகள் பகலில் வந்து குளித்து, சாப்பிட்டு, துணி துவைத்துக்கொண்டு போவார்கள். இரவு தங்கலாம், கட்டாயமில்லை. அனாதை இல்லம் எதற்கும் நான் எழுதிப் போடவில்லை. நேபாளத்து இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுத் தொண்டர்களும் நன்கொடையும் வரும் என்பதற்காகவே மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்பிய இல்லங்கள் உண்டு. அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்.

பிள்ளைகள் என்னை ‘ஆமா’ என்று கூப்பிடுகிறார்கள். நேபாளியில் அம்மா. ஒவ்வொரு தடவையும் எதற்கோ நான் சரி சொன்ன மாதிரியே காதில் விழுகிறது.

ஜனவரி 7

ஏழு பேருக்குச் சிரங்கு. களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, இரவு முழுக்க விட்டுக் காலையில் குளிக்க வேண்டும். துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஆஸ்பத்திரியில் இதை எத்தனையோ பேருக்கு ஒப்பித்திருக்கிறேன். படுக்க இடமும் மாற்றுத் துணியும் உள்ளவர்களுக்குச் சொல்கிற வைத்தியம் இது என்று இங்கே வந்துதான் உறைத்தது. நாலு பேர் ஒரே சாக்குக்குள் ஒட்டிப் படுக்கிறார்கள். ஒருவனுக்கு மட்டும் மருந்து போட்டு என்ன பயன்? மத்தியானம் முழுக்கச் சாக்கு துவைத்தேன்.

ஜனவரி 8

பச்சைத் தொப்பிக்காரனை நாய் கடித்துவிட்டது. பதினொரு வயது இருக்கும். குப்பைமேட்டில் பாட்டில் பொறுக்கும்போது கெண்டைக்காலில் கடி. நாலு பல் பதிந்து ரத்தம். சோப்புப் போட்டு, குழாயடியில் காலை நீட்டச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவினேன். அவன் அழவில்லை. மூச்சில் செருப்பு ஒட்டுகிற பசை வாடை. சென்னையில் பிள்ளைகள் போதைக்கு முகர்ந்துகொண்டு ‘சொல்யூஷன்’ என்பார்களே, அதேதான். அதிலிருக்கும் டொலுயீன் என்கிற ரசாயனம் பசியையும் குளிரையும் மழுங்கடித்துவிடும். வலியையும்தான் போல.

டேக்கு ஆஸ்பத்திரியில் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றியும் மருந்து ஏற்றினார்கள். அதற்கு மட்டும் என் கையை இறுக்கிப் பிடித்தான். வரிசையில் நின்ற ஒருவர் ‘காத்தே’ என்று முணுமுணுத்தார். குப்பை பொறுக்கும் பிள்ளைகளை இங்கே இழிவாக அப்படித்தான் சொல்வார்கள். அவனுக்கு அது கேட்டது. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

இன்னும் இரண்டு ஊசி, 11ஆம் தேதியும் 15ஆம் தேதியும். சீட்டை நிலையத்திலேயே வைத்துக்கொண்டோம். அவனிடம் கொடுத்தால் எங்கே வைப்பான்?

ஜனவரி 11

நேற்று இரவு தங்குகிறேன் என்றவன் வரவில்லை. விடியற்காலை 5 மணிக்கு அண்ணனோடு தேடப் போனேன். நிலையத்தில் வேலை பார்க்கிற அவர் எல்லோருக்கும் ‘தாய்’, நேபாளியில் அண்ணன். அவரும் இந்தத் தெருவில் வளர்ந்தவர். ரத்னா பார்க், ஜமல், அப்புறம் தமேல். மூடிய கடை ஒன்றின் ஷட்டரடியில் நாலு பையன்கள், நடுவில் இரண்டு நாய்கள், எல்லாம் ஒரே குவியல்.

நான் குனிந்து தொடப் போனேன். அண்ணன் தடுத்தார். நாலடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்து, மெல்ல இருமினார். மறுபடி இருமினார். தூங்குகிற பிள்ளையைத் தொட்டால் உதைக்க வந்தவர்கள் என்று நினைத்து ஓடிவிடுமாம். மூன்றாவது இருமலுக்குப் பச்சைத் தொப்பி நிமிர்ந்தது.

நான் இந்த மாதக் கடைசியில் ஊருக்குப் போய்விடுவேன். இந்த இருமலைப் பழக வருடக்கணக்கில் இங்கேயே இருக்க வேண்டும். இங்கே பணம் அனுப்ப நினைப்பவர்கள் அண்ணனைப் போன்றவர்களின் சம்பளத்துக்கு அனுப்புங்கள். என்னைப் போன்றவர்களின் விமான டிக்கெட்டுக்கு வேண்டாம்.

ஜனவரி 15

நமக்குப் பொங்கல், இங்கே மாகே சங்கராந்தி. வள்ளிக்கிழங்கு, நெய், எள்ளுருண்டை. பசுபதிநாதர் கோயில் பக்கம் இன்று தானம் நிறையக் கிடைக்கும் என்று பிள்ளைகள் விடியுமுன்னே போய்விட்டார்கள். மாலைவரை தேடினோம். அவன் அகப்படவில்லை. ஒரு நாள் தள்ளினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே போடலாம். தெரிந்தும் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 16

ஏழரை மணிக்கு வாசலில் நின்றான். தானாகவே. விரலெல்லாம் பிசுபிசுப்பு. பசை என்று நினைத்து மனசு சுருங்கியது. உள்ளங்கையை விரித்தான்: சாக்கு. நமக்குக் கோணிப்பை, இங்கே கெட்டியாகக் காய்ச்சிய வெல்லம். காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தான். என்னைத் தேடி வந்த பொங்கல் வெல்லம்.

மூன்றாவது ஊசி போட்டாயிற்று. திரும்பி வந்து இரண்டு தட்டு சோறும் பருப்பும் சாப்பிட்டான். இரவு தங்குகிறாயா என்று அண்ணன் கேட்டார். “நாய்?” என்றான். வாசலுக்கு வெளியே அது காத்துக்கொண்டிருந்தது.

நாயை உள்ளே விடுவதில்லை என்பது நிலையத்தின் விதி. பின்பக்க மாடிப்படிக்கு அடியில் காற்று வராத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே துவைத்த சாக்கு இரண்டை விரித்துவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் கூட்டத்தில் அண்ணன் இதைப் பேசுவார்.