யன்னல்களை அடைக்க வேண்டாம்

எங்கள் ஊர் மெதடிஸ்த கிறிஸ்தவ ஆலயத்தைத் திருத்தப் போகிறார்கள். சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது, கட்டாயம் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் யன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைத்து ஏசி பூட்டலாம், பிரசங்க பீடத்தை ஓரத்துக்கு நகர்த்தலாம் என்றும் பேச்சு அடிபடுகிறது. கேட்டதில் இருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

மட்டக்களப்புக்கு மெதடிஸ்தம் வந்த கதையே துயரமானது. மெதடிஸ்தப் போதகர் தோமஸ் கோக் தலைமையில் 1813 கடைசியில் இங்கிலாந்தில் கப்பலேறிய மிஷனரிக் குழுவில் வில்லியம் ஓல்டும் ஒருவர். வழியில் அவருடைய மனைவி இறந்துபோனார். 1814 மே 3 அன்று கோக்கும் கடலிலேயே காலமானார். இலங்கையில் இறங்கியவர்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிய, ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 அன்று இங்கேயே கண்மூடினார். ஒரு வருடம்கூட ஆகவில்லை! புளியந்தீவில் உள்ள மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814ஐத்தான் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. எழுத்தறிவிப்பதும் வேத வசனத்தை விளக்குவதுமே ஓல்ட் செய்த ஊழியம். எங்கள் ஆலயத்தின் அமைப்பும் அதற்கு ஏற்றதுதான்.

உள்ளே சுரூபங்கள் கிடையாது. நடுவில் உயரமாகப் பிரசங்க பீடம், அதற்குக் கீழே திருவிருந்து மேசை, முன்னால் முழங்காலிடும் கிராதி. மண்டபத்தின் நடுவே ஒரு தூண்கூட இல்லை. கடைசி வாங்கில் இருக்கும் ஆச்சிக்கும் போதகரின் முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும். மைக் வந்ததெல்லாம் பிறகுதானே. யன்னல்கள் நேருக்கு நேர் இருப்பதால், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வாவிப் பக்கத்தால் நுழைந்து கடற்பக்கத்தால் போகும். உயர்ந்த கூரை சூட்டை மேலே வாங்கிக்கொள்ளும். ஆடி மாதத்திலும் ஆராதனை முடியும்வரை அமர்ந்திருக்கலாம்.

1978 நவம்பர் 23 சூறாவளி அந்தக் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. சுவர் நின்றது. அடுத்த ஞாயிறு திறந்த வானத்தின் கீழ் பாமாலை பாடியதாக அம்மா சொல்வார். அப்புறம் அவசரத்தில் வெடிப்புகளைச் சீமெந்தால் பூசினார்கள். இன்று பூச்சு உதிர்வது அந்த இடங்களில்தான். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சீமெந்து உள்ளேயே அடைத்து வைக்கும். நிலத்து உப்பு ஈரத்தோடு ஏறிச் சுவரைத் தின்கிறது. யன்னலையும் அடைத்தால் ஈரம் எப்படிக் காயும்?

சபைக் கூட்டத்தில் இதைச் சொல்லப் போகிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். வாடைமழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும்.