அப்போதும்

அந்த நாவலின் 14-ஆம் அத்தியாயத்தில் நானாக நீக்கியது ஒரே ஒரு சொல். "அப்போதும் மழை நிற்கவில்லை" என்றிருந்த வாக்கியத்தை "மழை நிற்கவில்லை" என்று ஆக்கினேன். பதிப்பாசிரியனாக மற்ற எல்லாத் திருத்தங்களுக்கும் நாவலை எழுதிய அம்மையாரிடம் ஒப்புதல் கேட்டவன், இதற்குக் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குப் பெரிய திருத்தமாக அது அன்று எனக்குப் படவில்லை. நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கைப்பிரதியில் நான் செய்த நூற்றுக்கணக்கான திருத்தங்களில் இந்த ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

மொத்தம் 23 அத்தியாயங்கள். அவற்றில் 22 அத்தியாயங்கள் 1,800 சொல்லுக்கும் 2,600 சொல்லுக்கும் இடையில் அடங்கிவிட்டன. 14-ஆம் அத்தியாயம் மட்டும் ஏறக்குறைய 11,000 சொல். அச்சில் 50 பக்கம் வரும். 16 பக்கம் கொண்ட அச்சு ஃபாரம் மூன்றைத் தாண்டிவிடும். மருத்துவமனை அறையில் தங்கையின் படுக்கைக்குப் பக்கத்தில் அக்கா ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். அத்தியாயம் அவ்வளவுதான். நடுவில் மூன்று முறை செவிலி வந்துபோகிறார். வெளியே மழை பெய்கிறது. விடியும்போது முடிகிறது.

"இதை நான்காகப் பிரித்துவிடலாம் அம்மா" என்றேன்.

"எந்தெந்த இடத்தில்?" என்று கேட்டார்.

மூன்று இடங்களைக் குறித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவளால் அந்த அறையை விட்டு எழுந்துபோக முடியவில்லை தம்பி. படிக்கிறவரை மட்டும் ஏன் எழுப்பி அனுப்பிவைக்கிறீர்கள்?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைப் பல முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஐம்பது பக்கத்தை யாரும் ஒரே மூச்சில் படிக்கப்போவதில்லை. நிறுத்த நாம் இடம் கொடுக்காவிட்டால், கைக்கு வந்த இடத்தில் நிறுத்துவார்கள். ஒரு பத்தியின் நடுவில் தொலைபேசி ஒலிக்கும், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்கள். எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் விருப்பத்துக்கு விடுவதைவிட நாமே தீர்மானிப்பது நல்லது அல்லவா? இப்படித்தான் சொன்னேன். இன்று யாராவது கேட்டாலும் இதையேதான் சொல்வேன். பதிலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஹென்றி ஃபீல்டிங் 1742-இல் வெளிவந்த தம் நாவலொன்றில், அத்தியாயங்களுக்கு நடுவிலுள்ள சிறு இடைவெளியைப் பயணிகள் தங்கிப்போகும் சத்திரத்தோடு ஒப்பிட்டிருப்பதையும் சொன்னேன். இருநூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலான சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்ட நிறைவு எனக்கு.

"அந்த இரவில் சத்திரம் எதுவும் இல்லையே தம்பி" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். சற்று நேரம் கழித்து அவரே, "சரி, நீங்கள் நிறையப் புத்தகம் பார்த்தவர். பிரித்துவிடுங்கள்" என்றார்.

அந்தச் "சரி"யை எப்படி எடுத்துக்கொள்வது என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஏற்றுக்கொண்டு சொன்ன சரியா? அது அவருடைய முதல் நாவல். பதினோரு ஆண்டுகள் எழுதியது. முதல் புத்தகம் போடுகிறவர் பதிப்பாசிரியரிடம் சொல்லும் "சரி"க்குள் எவ்வளவு சம்மதம் இருக்கும், எவ்வளவு அச்சம் இருக்கும் என்பதை இந்த வேலையில் இருபது ஆண்டுகள் கழித்த நான் அறிவேன். அறிந்தும், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டேன்.

இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு சொல் என்ற அளவு என் மனத்தில் எப்படி உட்கார்ந்தது என்று பிற்பாடு யோசித்தேன். நான் நாவல் படிக்கக் கற்றது வார இதழ்த் தொடர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதிகளில். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' போன்ற கதைகளில், ஓர் அத்தியாயம் முடிகிற இடத்தில் அடுத்த வாரத்துக்கான ஏக்கம் தொங்கும். இதழில் கதைக்கு ஒதுக்கிய பக்கம் இத்தனை என்று இருக்கும். அத்தியாயம் அதற்குள் அடங்கவேண்டும். டிக்கன்ஸின் பல நாவல்களும் மாதத்துக்கு 32 பக்கம் என்ற தவணையில்தான் வெளிவந்தன. தாளும் அச்சும் விதித்த அளவு அது. இதழும் தவணையும் இல்லாமல் நேரே புத்தகமாக வரப்போகும் ஒரு கைப்பிரதிக்கு அந்த அளவை நான் எதற்காகக் கொண்டுவந்தேன்?

கண்மூடித்தனமாகக் கொண்டுவந்தேன் என்றும் சொல்லமுடியாது. அந்தத் தொடர்களைப் படித்து வளர்ந்த கண்ணும் மூச்சும் இன்னும் நம்மிடம் இருக்கின்றன. எட்டுப் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை ஓர் இறக்கம் வரும் என்று உடம்பே எதிர்பார்க்கிறது. முதல் 13 அத்தியாயங்களில் அந்த அம்மாவே வாசகரை அதற்குப் பழக்கிவிட்டார். பழக்கிவிட்டு, 14-இல் திடீரென்று கையை விட்டால் வாசகர் திணறமாட்டாரா? திணறவேண்டும் என்பதுதான் அவர் விருப்பமாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. 22 அத்தியாயங்களை அவ்வளவு ஒழுங்காக அளந்து எழுதத் தெரிந்தவருக்கு, ஒன்று மட்டும் தற்செயலாகவா நீண்டுவிடும்?

எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆங்கில நூல்கள் அத்தியாயத்துக்குச் சொல்லும் எண்ணிக்கையை நம்மவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வதும் சரியில்லை. "வந்துகொண்டிருந்தபோதும்" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நான்கைந்து சொல் வேண்டும். 3,000 ஆங்கிலச் சொல்லும் 3,000 தமிழ்ச் சொல்லும் ஒரே நீளம் ஆகா. இதை இளைய எழுத்தாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆனால் கணினித் திரையின் கீழ்மூலையில் 11,000 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கே கை பதறியது.

ஒன்றை இங்கே மறைக்காமல் எழுதிவிடவேண்டும். அவரிடம் நான் சொன்னதெல்லாம் வாசகரைப் பற்றி. நான் முதலில் பார்த்தது பொருளடக்கப் பக்கத்தை. 13-ஆம் அத்தியாயம் பக்கம் 123, 14-ஆம் அத்தியாயம் பக்கம் 133, அதற்கு அடுத்த வரியில் 15-ஆம் அத்தியாயம் பக்கம் 183. பத்துப் பத்தாக ஏறிவந்த எண், அந்த இடத்தில் ஒரேயடியாகத் தாவியது. சீரான படிக்கட்டில் ஒரு படி மட்டும் இடுப்பளவு உயரத்தில் இருப்பது போல என் கண்ணுக்குப் பட்டது. வாசகரின் மூச்சு, நிறுத்தும் இடம், ஃபீல்டிங்கின் சத்திரம் எல்லாம் அதற்குப் பிறகு நான் தேடிச் சேர்த்த காரணங்கள். பிறகு சேர்த்தவை என்பதால் அவை பொய்யாகிவிடுமா என்பது வேறு கேள்வி. அதற்கும் என்னிடம் தெளிவான விடை இல்லை.

நடுவழி ஒன்றும் இருந்தது. அத்தியாயத்தை உடைக்காமல், மூன்று இடத்திலும் ஒரு வரி இடம் விட்டு நட்சத்திரக் குறி இட்டிருக்கலாம். அதே நாவலின் வேறு அத்தியாயங்களில் அப்படி இட்டிருக்கிறோம். வாசகர் வேண்டுமானால் மூச்சு வாங்கிக்கொள்வார், வேண்டாமென்றால் தாண்டிப்போவார். எண் மாறாது, புதுப் பக்கம் தொடங்காது, இரவு உடையாது. அப்போது இது தோன்றவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றத்தான் செய்தது. நட்சத்திரக் குறி போட்டால் பொருளடக்கத்தில் அந்தத் தாவல் அப்படியே இருக்கும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது.

வில்லியம் ஃபாக்னர் 1930-இல் வெளியான தம் நாவலில் ஓர் அத்தியாயத்தை ஐந்தே சொல்லில் முடித்திருக்கிறார். அம்மா இறந்துபோன ஒரு சிறுவனின் அத்தியாயம் அது. எழுத வருகிற எல்லோரிடமும் இதை எடுத்துச்சொல்லி வியப்பேன். சுற்றியுள்ள அத்தியாயங்கள் பக்கம் பக்கமாக இருக்க, இது மட்டும் ஏன் ஒரு வரி என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. அந்தக் குழந்தையால் அதற்கு மேல் பேசமுடியவில்லை என்று உடனே விளங்கிக்கொண்டேன். விடியும்வரை எழுந்துபோக முடியாத ஒரு பெண்ணின் அத்தியாயம் 50 பக்கம் நீண்டபோது அதே விளக்கம் எனக்கு ஏன் எட்டவில்லை?

அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நான் குறித்த முதல் இடம் இப்படி இருந்தது. அக்கா, தங்கையின் கையிலிருந்து தன் விரலை மெல்ல விடுவித்துக்கொள்கிறாள். தண்ணீர்க் குவளையை மூடிவைக்கிறாள். சன்னல் பக்கம் திரும்புகிறாள். பத்தி முடிகிறது. அடுத்த பத்தி: "அப்போதும் மழை நிற்கவில்லை." இரண்டுக்கும் நடுவில் வெட்டினேன். குவளையோடு 14 முடிந்தது. புதுப் பக்கம், மேலே கால் பக்க வெள்ளை, 15 என்ற எண், அதன் கீழே "அப்போதும்." எனக்கு அது அந்தரத்தில் தொங்குவதாகப் பட்டது. எப்போதும்? எதற்குப் பிறகும்? முந்தைய வாக்கியம் ஒன்று இல்லாமல் ஓர் அத்தியாயம் அப்படித் தொடங்கலாமா என்று நினைத்து அடித்துவிட்டேன்.

அந்த "உம்" செய்துகொண்டிருந்த வேலை அன்று என் கண்ணில் படவில்லை. மாலையிலிருந்து பெய்கிற மழை, மூன்று முறை எழுந்து பார்த்த சன்னல், தீராத நேரம், எல்லாம் அந்த ஈரெழுத்தில் வந்து கோத்திருந்தன. வெட்டிய பிறகும் அது இருந்திருந்தால், வெள்ளைப் பக்கத்தைத் தாண்டி முந்தைய அத்தியாயத்தை இழுத்துப் பிடித்திருக்கும். வாசகர் போய் இரண்டு நாள் கழித்துத் திரும்பிவந்தாலும், அந்த அறையில் எதுவும் நகரவில்லை என்பதை முதல் சொல்லே சொல்லியிருக்கும். "மழை நிற்கவில்லை" என்பது வானிலைச் செய்தி. யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். அத்தியாயத்தைப் பிரித்ததைக்கூட நான் நியாயப்படுத்திவிடுவேன். பிரித்த இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்த ஒரே இழையையும் அறுத்ததற்கு நியாயம் கிடைக்கவில்லை.

மெய்ப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் அவருடைய குறிப்புகள் இருந்தன. இரண்டாவது வெட்டு விழுந்த பக்கத்தில், செவிலி குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போகிற இடத்தில், "இது நன்றாக வந்திருக்கிறது" என்று எழுதியிருந்தார். நான் கேட்காமலே எழுதியது. கதவு சாத்தியதற்குப் பிறகு வருகிற அந்த வெள்ளை, அறையின் அமைதியைக் கூட்டிவிட்டிருந்தது உண்மைதான். அதைப் பார்த்து நிம்மதி அடைந்தேன். 15-ஆம் அத்தியாயத்தின் முதல் வரிக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. ஆனால் "மழை" என்ற சொல்லுக்கு முன்னால், சொல் விட்டுப்போன இடத்தில் போடுகிற கூரை போன்ற சிறு குறியைப் போட்டு, பிறகு ரப்பரால் அழித்திருந்தார். தாளைச் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது.

அதைப் பார்த்தபோது கோப்பு அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்கும். "அந்தச் சொல்லைத் திரும்பப் போட்டுவிடட்டுமா அம்மா?" என்று கேட்டால் போதும். கேட்டால், கேட்காமல் நீக்கியதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அவரே அழித்துவிட்டாரே, அவருக்கே வேண்டாம் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புத்தகம் வந்தது. படித்த ஒருவர், அந்த மருத்துவமனைப் பகுதியை நடுவில் வைக்கவே முடியவில்லை, நான்கு அத்தியாயத்தையும் ஒரே இரவில் முடித்தேன் என்றார். இன்னொருவர், அந்தப் பகுதி பாரமாக இருந்தது, ஒவ்வோர் அத்தியாயமாக நான்கு நாள் படித்தேன், நல்லவேளையாகப் பிரித்திருந்தீர்கள் என்றார். முதலாமவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் வெட்டு தேவையே இல்லை. இரண்டாமவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், அந்தப் பெண் எழுந்துபோக முடியாத அறையிலிருந்து வாசகர் மூன்று முறை எழுந்துபோக நான்தான் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். அவருக்கு அது உதவியாகவும் இருந்திருக்கிறது. அந்தக் கதவு இல்லையென்றால் புத்தகத்தையே மூடியிருப்பாரோ என்னவோ. இந்த இரண்டு வாசகர்களையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "படித்தார்களே, அது போதும் தம்பி" என்றார். சொல்லைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சென்ற மாதம் ஓர் இளைஞர் தம் முதல் நாவலின் பாதியோடு வந்திருந்தார். நிறையக் கேட்டார். எழுந்து போகும்போது, "சார், ஓர் அத்தியாயம் எத்தனை சொல் இருக்கலாம்?" என்றார். இங்கே எழுதியது அத்தனையும் அப்போது என் தொண்டை வரை வந்தது. மெல்வில்லின் திமிங்கல நாவலில் 135 அத்தியாயங்கள் இருக்கின்றன, சில முழுப் பக்கம்கூட வராது, சில பல பக்கம் ஓடும் என்று தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு வேண்டியிருந்தது ஓர் எண். கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"இரண்டாயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு" என்றேன். எழுதிக்கொண்டார்.