புரோக்கோலியை நறுக்கியதும் அடுப்பில் போடாதீர்கள்

புற்றுநோய்க்கு எதிராக ஆராயப்படும் சல்ஃபோராஃபேன் என்ற சேர்மம் புரோக்கோலியில் நேரடியாக இருப்பதில்லை. நறுக்கும்போது செல்கள் உடைந்து, குளுக்கோராஃபனின் என்ற மூலப்பொருளோடு மைரோசினேஸ் என்ற நொதி கலந்தால்தான் அது உருவாகும். உடனே கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்!

பொடியாக நறுக்கி, 40 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு 3 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நிறம் பளிச்சென்ற பச்சையாக இருக்கும்போதே இறக்குங்கள். ஏற்கெனவே வெந்ததா? 200 கிராமுக்கு அரை டீஸ்பூன் வறுக்காத கடுகுப்பொடி, சூடு தணிந்தபின் தூவுங்கள். கடுகிலும் அந்த நொதி உண்டு. தாளித்த கடுகு உதவாது, எண்ணெய்ச் சூட்டில் நொதி போய்விடும்.

1992இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானி பால் தலலேயின் குழு சல்ஃபோராஃபேனைப் பிரித்தெடுத்தது. பிறகு எலிகளில் நடந்த சோதனையில் அது மார்பகக் கட்டிகளைக் குறைத்தது. பெண்களிடம் புற்றுநோயைத் தடுப்பதாக இன்னும் நிரூபணம் இல்லை. தயவுசெய்து மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே பரிசோதனை) தள்ளிப்போடாதீர்கள்.