லீட் கிரீன் அசோசியேட் தேர்வு: மொட்டை மாடியில் இருந்து படித்த கதை

பசுமைக் கட்டடம் பற்றிப் படிக்க ஆசைப்படும் கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, லீட் தேர்வுக்கு எத்தனை நாள் படிக்கணும், டம்ப் இருந்தா அனுப்புங்க" என்பதுதான். லீட் என்பது ஆற்றல், தண்ணீர், மனை என்று பிரிவு பிரிவாகப் புள்ளி போட்டுப் பசுமைக் கட்டடங்களுக்குச் சான்றிதழ் தரும் முறை, கிரீன் அசோசியேட் அதைப் படித்தவர்களுக்கான முதல் படித் தேர்வு. எத்தனை நாள் என்று கீழே சொல்கிறேன். டம்ப், அதாவது தேர்வில் அப்படியே வரும் என்று சொல்லிக் கைமாறும் கேள்வி-விடைத் தொகுப்பு, என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். அதை நம்பித்தான் நான் முதல் முறை தோற்றேன்.

எனக்கு மேலூர்ப் பக்கம் ஊர். அப்பா கொத்தனார். நான் மதுரையில் சிவில் இன்ஜினியரிங் படித்தேன், கடைசி வருடத்தில் இந்தத் தேர்வை எழுதினேன். இதற்கு வேலை அனுபவம் கேட்பதில்லை, 18 வயது ஆகியிருந்தால் போதும் என்பதால் மாணவர்களுக்கு இது நல்ல தொடக்கம். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் நடத்துகிறது. கணினியில் 100 கேள்விகள், 2 மணி நேரம், மதிப்பெண் 125-இல் தொடங்கி 200 வரை போகும், 170 எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள். முதல் முறை நான் எடுத்தது 158.

அதற்கு முன் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கையில் 400 கேள்விகள் கொண்ட ஒரு தொகுப்பு, "இதை மனப்பாடம் பண்ணுங்க, இதிலிருந்துதான் வரும்" என்றார்கள். நானும் பண்ணினேன். தேர்வில் ஒரு கேள்விகூட அந்த வடிவத்தில் வரவில்லை. ஒரு கட்டடத்தைப் பற்றி நாலு வரி கொடுத்து, இந்த நிலையில் குழு முதலில் என்ன செய்ய வேண்டும், எந்த இரண்டு நடவடிக்கைகள் பொருந்தும் என்றுதான் பெரும்பாலும் கேட்டார்கள். இரண்டில் ஒன்று சரியாக இருந்தாலும் மார்க் கிடையாது. விடைகள் மனப்பாடமாகத் தெரிந்தும், எதற்காக அந்த விடை என்று எனக்குத் தெரியவில்லை.

அது மே மாதம். எங்கள் வீட்டில் மாடி அறை எனக்கு. ராத்திரி பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடும். தோற்றுப்போன வருத்தத்தில் படுத்திருந்தபோது அப்பாதான் சொன்னார், "மேல தட்டோடு போடாம வெறும் கான்கிரீட்டா விட்டா இப்படித்தான் கொதிக்கும் பாப்பா. அந்தக் காலத்துல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமா போட்டு, கட்டையால நாள்கணக்கா அடிச்சு, அதுக்கு மேல தட்டோடு பதிப்போம்." நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முப்பது பக்கத்துக்கு ஆங்கிலத்தில் படித்து ஒட்டாத விஷயம் இந்த ஒரு பேச்சில் ஒட்டியது.

மறுவாரம் நானும் அப்பாவும் மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம். அடிப்பதற்கு முன் ஒரு வாரம், அடித்த பின் ஒரு வாரம், மத்தியானம் இரண்டு மணிக்கு அறைக்குள் சாதாரணத் தெர்மோமீட்டரில் வெப்பநிலையை எழுதி வைத்தேன். வெளியே வெயில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்த நாட்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்று டிகிரி போலக் குறைந்திருந்தது. இது ஆய்வு இல்லை, ஒரு வீட்டுக் கணக்குதான். ஆனால் இதைச் செய்த பிறகு பாடத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. வெளிர் நிறக் கூரை சுற்றுப்புறம் சூடாவதைக் குறைக்கிறது, அது மனை சார்ந்த பிரிவில் வரும். அதே கூரை அறைக்குள் இறங்கும் வெப்பத்தையும் குறைப்பதால் குளிரூட்டும் செலவு குறைகிறது, அது ஆற்றல் பிரிவில் வரும். ஒரே வேலை, இரண்டு இடத்தில் பலன். இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைத்தான் தேர்வில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், தொகுப்பை மனப்பாடம் செய்தவருக்கு இது பிடிபடவே படாது.

அப்புறம் நான் படித்த முறையே மாறிவிட்டது. பாடத்தில் ஒரு தலைப்பு வந்தால், அது எங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுவேன். கண்டுபிடித்து அளப்பேன். பிறகுதான் புத்தகம்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். லீட் கணக்கில் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் ஷவர் நிமிடத்துக்கு 9.5 லிட்டர், கழிப்பறை ஒரு தடவைக்கு 6 லிட்டர். ஐந்து நிமிடம் ஷவரில் நின்றால் 47 லிட்டருக்கு மேல் போகிறது. எங்கள் வீட்டு வாளியில் 18 லிட்டர் பிடிக்கிறது, அதில் ஒரு ஆள் தலைக்குக் குளித்துவிடலாம். இதை அளந்த பிறகு அந்த எண்கள் எனக்கு மறக்கவே இல்லை. மழைநீரும் அப்படித்தான்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 800 சதுர அடி, அதாவது சுமார் 74 சதுர மீட்டர். வருடத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை என்று வைத்து, சிந்துவது ஆவியாவது போக 80 சதவீதம் என்று கணக்குப் போட்டால் 47,000 லிட்டருக்கு மேல் வருகிறது. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட குழாய் எங்கள் தெருவில் எத்தனை வீட்டில் உடைந்து கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அந்த நடை எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, படிப்புக்கு மட்டும் உதவியது.

மின்சாரத்துக்கு ஈபி அட்டையே பாடப்புத்தகம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட், இப்போது வரும், மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் கொண்ட பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளைக்கு 12 மணி நேரம் என்றால் ஒரு ஃபேனில் மிச்சம் 0.54 யூனிட், இரண்டு மாதத்துக்கு 32 யூனிட், மூன்று ஃபேனுக்கு 97. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் கிடைக்கிற ஊரில் 97 யூனிட் என்பது எவ்வளவு பெரியது என்று அம்மாவுக்குச் சொன்னதும் உடனே புரிந்தது. சோலார் பேனல் போடும் பேச்சு எழுந்தால் இந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், கிட்டத்தட்ட 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். தேவையைக் குறைக்காமல் பேனலைக் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. தேர்விலும் வரிசை இதுதான், முதலில் தேவையைக் குறை, அடுத்து திறனைக் கூட்டு, கடைசியில்தான் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்.

எனக்கு ரொம்ப நாள் குழப்பம் கொடுத்தது, ஏசிக்குள் சுற்றி வந்து குளிர்விக்கும் குளிர்பதன வாயு. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது, சித்தப்பா வீட்டு ஏசியின் வெளிப்பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போய்ப் படித்தேன், ஆர்-32 என்று இருந்தது. அங்கிருந்து பின்னோக்கிப் போனேன். பழைய ஆர்-22 ஓசோனை அரிக்கும், 1987-இன் மான்ட்ரியல் ஒப்பந்தம் அப்படிப்பட்ட வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தத்தான் வந்தது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு. ஆர்-22க்கே அது 1,810 தான். அதாவது ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கூட்டியிருக்கிறோம், அதனால்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. ஆர்-32க்கு 675. ஓசோன் எண்ணும் வெப்ப எண்ணும் தனித்தனி என்பதை இப்படிக் கதையாகப் படித்தால் எந்தக் கேள்வி வந்தாலும் தடுமாற மாட்டீர்கள்.

சரி, நேரடியாக மனப்பாடம் செய்ய வேண்டியவையும் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். நான் எழுதியது லீட் முறையின் நான்காம் பதிப்பில். அதில் ஒரு கட்டடத்துக்கு மொத்தம் 110 புள்ளிகள். 40க்கு சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்கு தங்கம், 80க்கு பிளாட்டினம். புதுக் கட்டடத்துக்கு ஆற்றல் பிரிவில் மட்டும் 33 புள்ளி. பேருந்து நிறுத்தம் 400 மீட்டர், ரயில் நிலையம் 800 மீட்டர் நடை தூரத்துக்குள் இருந்தால் கணக்கில் வரும். 160 கிலோமீட்டருக்குள் எடுத்து, செய்து, வாங்கிய பொருளுக்குக் கூடுதல் மதிப்பு. கட்டாய நிபந்தனைகளுக்குப் புள்ளியே கிடையாது, ஆனால் அதில் ஒன்று விட்டாலும் கட்டடத்துக்குச் சான்றிதழ் இல்லை என்பதை மறக்காதீர்கள், நிறையப் பேர் வழுக்குவது இங்கேதான். 2025 ஏப்ரலில் ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது, எனவே நீங்கள் பதிவு செய்யும்போது தேர்வு எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று மன்றத்தின் கையேட்டில் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற பாடத்தை எடுங்கள். கையேடு இலவசம். பழைய பதிப்பின் நோட்ஸை யாரோ கொடுத்தார்கள் என்று படித்துவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது முறை நான் எடுத்துக்கொண்டது 45 நாள், தினமும் இரண்டு மணி நேரம். 183 வந்தது.

முடிந்தால் ஒரு இடத்தையாவது நேரில் பாருங்கள். நான் ஆரோவில் போனேன். அங்கே மண்ணோடு 5 சதவீதம் போல சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் கற்களைச் சூளையில் சுடுவதில்லை, அதனால் விறகும் புகையும் இல்லை. அங்குள்ள பொதுச் சமையற்கூடமான சோலார் கிச்சனின் மேலே 15 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய கிண்ணம் சூரிய வெப்பத்தைக் குவித்து நீராவி எடுக்க உதவுகிறது. அப்பாவையும் கூட்டிப்போயிருந்தேன். அந்த மண் கல்லை அவர் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "சுடாத கல்லா இது" என்று இரண்டு முறை கேட்டார். ஹைதராபாத் போக வாய்ப்பு இருந்தால் இந்தியத் தொழில் கூட்டமைப்பான சிஐஐயின் பசுமை வணிக மையத்தைப் பாருங்கள், 2003-இல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் லீட் பிளாட்டினம் வாங்கிய கட்டடம் அது, திறந்து வைத்தவர் அப்துல் கலாம். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் நடு முற்றத்தில் மத்தியானம் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தாலே காற்றோட்டம் பற்றிய பாடம் பாதி முடிந்த மாதிரி.

ஒரு விஷயத்தில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். புள்ளிகள் வாங்கிய கட்டடம் எல்லாம் நம் வெயிலுக்கு நல்ல கட்டடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்குச் சுவரை முழுக்கக் கண்ணாடியாக்கிவிட்டு, திறன்மிக்க ஏசியைப் போட்டு, அந்தப் புள்ளியைக் காட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நம் நாட்டு விதிகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி 2017, அதில் எழுதிய வரம்புகளை அப்படியே பின்பற்றும் வழியில் ஜன்னல் கண்ணாடியைச் சுவரில் 40 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. வீடுகளுக்கான 2018-இன் விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை தவிர்த்த வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைக்கிறது. இந்த இரண்டும் லீட் தேர்வில் வராது. ஆனால் வேலைக்கு நேர்காணலில் உட்காரும்போது இவற்றைப் பேசத் தெரிந்தவரை உடனே கவனிப்பார்கள், என்னைக் கவனித்தார்கள்.

தேர்வு நாளைப் பற்றி ஒன்றே ஒன்று, பெயர். நம்மில் பாதிப் பேருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்திருக்கும், கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். பதிவு செய்யும் கணக்கில் உள்ள பெயரும் நீங்கள் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள். பணம் கட்டும் முன் இதைச் சரி செய்துவிடுங்கள்.

வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆன இன்ஜினியர்களுக்கு அடுத்த படி, மத்திய அரசின் ஆற்றல் திறன் செயலகம் நடத்தும் எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வு. டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கூடுதல் அனுபவம் கேட்பார்கள். நான் இப்போது அதற்குத்தான் தயாராகிறேன். அவர்களுடைய நான்கு வழிகாட்டி நூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரியில் இருக்கும்போதே மூன்றாவதை, மின்சாரச் சாதனங்கள் பற்றியதை, எடுத்துப் படிக்க ஆரம்பியுங்கள். மோட்டார், பம்ப், ஃபேன் எல்லாம் அதில்தான். பெரிய ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது எடுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும் என்பதை அதில் படித்தபோது, எங்கள் ஊர் நூற்பாலையில் இரவும் பகலும் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. அடுத்த மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு அங்கே அளக்கப் போகிறேன்.