ஹெரால்டா, ஸ்டாண்டர்டு 2000-ஆ?

பழைய கார் பேச்சை எடுத்தாலே எல்லோரும் அம்பாசடர், பத்மினி என்று கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய்விடுகிறார்கள். நம் வண்டலூர்ப் பக்கமும் கார் செய்தார்கள், ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். அங்கிருந்து 1961-இல் வந்தது ஹெரால்டு. 1985-இல் வந்தது ஸ்டாண்டர்டு 2000. இரண்டில் எது நல்ல கார் என்று எனக்கும் என் மைத்துனருக்கும் தீராத வாதம்.

ஹெரால்டு, இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான். இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி வரைந்த உடம்பு, 948 சிசி என்ஜின். சித்தப்பா ஒன்று வைத்திருந்தார். பானெட்டை மட்டும் தனியாகத் திறக்க முடியாது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பக்கம் முழுசாக முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு சாவகாசமாகப் பிளக் கழற்றுவார். அப்புறம் அது திரும்பும் அழகு! 25 அடி வட்டத்துக்குள் சுற்றி வந்துவிடும். மயிலாப்பூர்த் தெருக்களில் சித்தப்பா ரிவர்ஸ் கியரைத் தொட்டே நான் பார்த்ததில்லை. ஆனால் பின்னால் ஸ்விங் ஆக்சில், அதாவது ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். சித்தி வாய்விட்டே பிள்ளையாரைக் கூப்பிடுவார்.

2000 பார்க்க ராஜா. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் உடம்பு, 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. நீண்ட மூக்கு, மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு. இங்கிலாந்தில் அதற்கு 3.5 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் என்ஜின் போட்டார்கள். இங்கே கிடைத்தது 1991 சிசி, நாலு சிலிண்டர், நாலு கியர். அந்த என்ஜினின் பூர்வீகம் 1947-இன் ஸ்டாண்டர்டு வான்கார்டு கார். ஹெரால்டு என்ஜினோ 1953-இன் ஸ்டாண்டர்டு எய்ட் காரிலிருந்து வந்தது. ஆக, 24 வருஷம் கழித்து வந்த காருக்குள் இருந்ததுதான் வயதில் மூத்த என்ஜின்! அவ்வளவு பெரிய உடம்பை அது இழுத்ததில் பெட்ரோல் எக்கச்சக்கமாகச் செலவானது. மாருதி வந்துவிட்ட காலத்தில் அதை யார் வாங்குவார்கள்? 1988-இல் உற்பத்தி நின்றது.

வி8 போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்பார் மைத்துனர். சரி, போடவில்லையே. 2000-ஐ நிறுத்திவைத்துப் பார்க்கச் சொன்னால் நாளெல்லாம் பார்ப்பேன். ஓட்ட வேண்டுமென்றால் ஹெரால்டுதான். ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு ஹெரால்டின் வாரிசாக 1972-இல் வந்ததே கெசல் கார், அதுகூட வேண்டாம். சித்தி பயந்த அந்தப் பழைய வண்டியே போதும்.