மின்னலுக்கும் இடிக்கும் நடுவே

கொடைக்கானலில் ஐப்பசி மழையோடு இடி முழங்கினாலே என் ஆறு வயது மகள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். அவள் பிறப்பதற்கு முன்பு, 2018 நவம்பரில், கஜா புயல் இம்மலையில் மரங்களை வேரோடு சாய்த்ததைப் பற்றிப் பெரியவர்கள் நாங்கள் அவள் காதுபடப் பேசிப் பேசியே அந்த அச்சத்தை வளர்த்துவிட்டோம் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் வாங்கி வந்த படக்கதைகளில் கடைசிப் பக்கத்தில் புயல் தானாகவே ஓய்ந்துவிட்டது. குழந்தைக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே நாங்களே பன்னிரண்டு பக்கங்களில் ஒரு படப்புத்தகம் வரைந்தோம். அதில் வரும் சிறுமி மின்னலைக் கண்டதும் அம்மாச்சியின் மடியில் அமர்ந்து, இடி கேட்கும்வரை நொடிகளை எண்ணுகிறாள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், மின்னல் வெட்டிய தொலைவு தெரிந்துவிடும். அம்மாச்சி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வதையும் நாங்கள் விடவில்லை. இடி கேட்கும்போது மரத்தடியில் ஒதுங்கக் கூடாது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினோம். அந்த அளவு அச்சம் இருக்கத்தான் வேண்டும்.

இடியை எப்படி வரைவது என்று நான் தயங்கியபோது, அவள் கறுப்பு மெழுகுக் குச்சியை ஒடியும் அளவுக்கு அழுத்தித் தேய்த்து, நடுவில் ஒரு சிறிய வெள்ளை ஜன்னலை மட்டும் விட்டுவைத்தாள்.

நேற்று மாலை பெருமாள் மலைப் பக்கம் மின்னியது. கட்டிலின்மேல் அமர்ந்தபடியே ஒன்பது வரை எண்ணினாள். "மூணு கிலோமீட்டர்மா" என்றபோது அவள் குரல் நடுங்கத்தான் செய்தது.