வால் இல்லாத திருக்கை: ஏழு மாதக் குறிப்பு

திருக்கைகளை இனம் பிரித்துப் பார்க்கலாம் என்று ஏழு மாதத்துக்கு முன்னால் தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரைக்குப் போனேன். கையில் ஒரு நோட்டு, தையல்காரர் டேப், போன். முதல் நாளே அடி விழுந்தது. மணலில் கிடந்த பதினொரு திருக்கையில் எட்டுக்கு வாலே இல்லை.

"வால வச்சுக்கிட்டு எப்படித் தம்பி வலையப் பிரிக்க? ஏத்துனதும் வெட்டிக் கடல்ல போட்டுருவோம்" என்றார் வள்ளத்துக்கார அண்ணாச்சி ஒருவர்.

நியாயம்தான். வாலின் மேல்புறத்தில் இருக்கும் முள், சுறாத் தோலைச் சொரசொரப்பாக்கும் அதே பற்செதில் நீண்டு வளர்ந்தது. இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிய ரம்பப் பற்கள். அடிப்பக்கத்தில் இரண்டு பள்ளம், அவற்றில் நஞ்சுத் திசு, எல்லாவற்றையும் மூடி ஒரு மெல்லிய தோலுறை. குத்தும்போது உறை கிழிந்து நஞ்சு காயத்தில் இறங்கும். அது புரதம் என்பதால் சூட்டில் சிதையும். குத்துப்பட்ட காலைப் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைப்பது அதனால்தான்.

ஆனால் எனக்கு அந்த வால் வேண்டும். நான் பார்க்க நினைத்ததே சாட்டைவால் திருக்கைகளை. 1837-இல் முல்லர், ஹென்லே என்ற ஜெர்மன் விலங்கியலாளர்கள் இவற்றுக்கு வைத்த பேர் ஹிமாண்டுரா. கிரேக்கத்தில் வார், வால் என்ற இரண்டு சொல்லின் சேர்க்கை. திருக்கைவால் சவுக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாலில் தோல் மடிப்பு இல்லை என்றால் ஹிமாண்டுரா என்று ரொம்ப நாள் ஓடியது. 2016-இல் லாஸ்ட், நெய்லர், மன்ஜாஜி-மட்சுமோட்டோ என்ற மீன் ஆய்வாளர்கள் மூவரும் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து அந்த மூட்டையைப் பிரித்துப் போட்டார்கள். கரும்புள்ளி, வலைப்பின்னல் கோலம் உள்ளவை மட்டும் ஹிமாண்டுராவில் தங்கின. வெண்புள்ளி ஜெரார்டி, மாகுலாபேடிஸ் ஆனது. குட்டை வால் சிறுசுகள் பிரெவிட்ரைகான். முகம் நீண்ட, புள்ளியில்லாத பழுப்பு நிற பிளீக்கரி, பேடியோபேடிஸ். நான் வாங்கியிருந்த பழைய புத்தகத்தில் எல்லாம் ஒரே பேரில் இருந்தது. போன காசு போனதுதான்.

சரி, வால் இல்லாவிட்டால் என்ன, புள்ளி இருக்கிறதே என்று இரண்டு மாதம் புள்ளியை நம்பி ஓட்டினேன். அது பெரிய தப்பு. ஹிமாண்டுரா உவார்னாக் குட்டியில் தனித்தனிக் கரும்புள்ளியாக இருப்பது, வளர வளர நெருங்கிப் பின்னல் ஆகிவிடும். குட்டி ஒரு இனம், தாய் வேறு இனம் என்று நோட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

மூன்றாம் மாதத்திலிருந்து திருப்பிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மேலே கண்ணும் அதன் பின்னே நீரிழுக்கும் துளையும். மணலில் புதைந்து கிடக்கும்போது அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். மற்றதெல்லாம் அடியில்: மூக்குத் திரை, வாய், ஐந்து ஜோடி செவுள் பிளவு. ஆண் என்றால் இடுப்புத் துடுப்போரம் இரண்டு குச்சி போன்ற உறுப்பு. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் கீழ்த்தளத்தில் சதைக் காம்புகள் தெரியும். அவற்றின் எண்ணிக்கை இனம் பிரிக்க உதவும். ஒரு வெண்புள்ளிக்காரனிடம் நான்கு எண்ணினேன். அன்றைக்கு வீடு வந்த பிறகும் வாய் ஓயவில்லை என்று வீட்டில் புகார்.

முதுகைத் தடவிப் பார்க்கவும் பழகினேன். நடுவே பற்செதில் பட்டை எவ்வளவு அகலம், தோள் பக்கம் முத்துப் போல் முள் இருக்கிறதா, நடுக்கோட்டில் முள் வரிசை ஓடுகிறதா. ஓடினால் ஜென்கின்சி என்ற இனத்தை யோசிக்கலாம். உடம்பெங்கும் முள்ளாக, வாலில் கொட்டும் முள்ளே இல்லாமல் ஒன்று வந்தால் நோட்டை மூடிவிட வேண்டும். அது உரோஜிம்னஸ் ஆஸ்பெர்ரிமஸ். பிடிக்கவே கூடாது என்று 2001-இலேயே வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்த மீன். இதுவரை என் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் மாதம் 22 செ.மீ. அகலத்தில் ஒரு பிரெவிட்ரைகானை முழுசாக வாங்கி வந்தேன். இம்பிரிகேட்டா என்றுதான் நினைக்கிறேன். 1801-இல் பிளாக், ஷ்னைடர் இருவர் பேரில் வந்த மீன் நூலில் பேர் வைக்கப்பட்டது நம் சோழமண்டலக் கரையில் கிடைத்த மீனுக்கு. தாடையைச் சுத்தமாக எடுக்க வேண்டும் என்று கொதிக்க வைத்தேன். கடல் உப்புக்கு ஈடாகத் திருக்கை உடம்பில் யூரியா தேங்கியிருக்கும், செத்த பிறகு அது அமோனியாவாகும் என்று படித்திருந்தேன். அடுப்படியில் நின்றபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது. அதைவிடக் கொடுமை, இருபது நிமிடத்தில் பற்கள் சட்டியில் ரவை மாதிரி மிதந்தன. எலும்புக் குழியில் ஊன்றிய பல் இல்லை, வெறும் சவ்வில் நிற்பது; வெந்தால் கழன்றுவிடும். குருத்தெலும்புத் தாடையும் சுருண்டு போயிற்று. அடுத்த தடவை கொதிக்க விடாமல் வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, கத்தியால் சுரண்டி, அட்டையில் குண்டூசி குத்தி நிழலில் காய வைத்தேன். அது நின்றது. அந்தச் சட்டியை இனி சமையலுக்கு எடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது.

இப்போது கணக்கு: பார்த்தவை 143, பேரினம் வரை தேறியவை 96, இனம் வரை நிச்சயமாகச் சொல்லக்கூடியவை 31. மிச்சம் எல்லாம் வால் கேள்விக்குறி.

போன வாரம் அண்ணாச்சி கூப்பிட்டு, "தம்பி, ஒனக்குன்னே எடுத்து வச்சேன்" என்று செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார். முள்ளைத் தட்டிவிட்டு, முழு நீள வால், கருப்பும் வெள்ளையுமாக வளையம் வளையமாக. டேப் வைத்து அளந்துவிட்டு உடம்பு எங்கே என்று கேட்டேன்.

"அது காலையிலயே ஏலம் போயிருச்சே."